மண்டையில் ஏறாதாம்!

“மண்டையில் ஏறாது!”

இரண்டே சொற்கள். ஆனால் இந்த இரண்டு சொற்களைத் தாழ்ப்பாளாக்கி எத்தனை கோடி மக்களின் அறிவுக் கதவு அடைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணத் தொடங்கினால், எண்ணுபவனுடைய விரல்கள்தாம் ஓயும், கணக்கு ஓயாது.

வாய்பாட்டிலே தடுமாறும் சிறுவனைப் பார்த்து ஆசிரியர் சொல்கிறார். பத்திரத்தின் வாசகம் விளங்காமல் விழிக்கும் உழவனைப் பார்த்து அலுவலக எழுத்தர் சொல்கிறார். வரவு செலவுக் குறிப்பேட்டைப் புரட்டும் மனைவியைப் பார்த்துக் கணவன் சொல்கிறான் — சிரித்துக்கொண்டே சொல்கிறான், அது வேறு. சொல்லும் தோரணையைக் கவனித்திருக்கிறீர்களா? நாடி பிடித்துப் பார்த்து நோய் கூறும் மருத்துவனின் தோரணை அல்ல அது. தீர்ப்புக் கூறும் நீதிபதியின் தோரணை! அதுவும் எப்படிப்பட்ட தீர்ப்பு? சாட்சிகளை விசாரிக்காத தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு இடமே வைக்காத தீர்ப்பு.

ஒருவனுக்கு ஒன்று விளங்கவில்லை. குற்றம் யாருடையது? கேட்டவனுடையதா? சொன்னவனுடையதா? அல்லது இருவருக்குமிடையே சுவரெழுப்பி வைத்த ஏற்பாட்டினுடையதா? பள்ளி ஆசிரியர்கள் மட்டும் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கல் என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. இது அறம் பற்றிய கேள்வி. ஏனெனில், ‘இவனுக்கு விளங்காது’ என்று முடிவு கட்டிய மறுகணமே, ‘இவனைக் கேட்க வேண்டியதில்லை’ என்ற அடுத்த முடிவும் தானாகவே வந்து சேர்கிறது.

ஏட்டை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் கடற்கரைக்குச் செல்வோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழைக் கரையிலே, பாக் விரிகுடாவை நோக்கி நிற்கும் ஊர் மணமேல்குடி. ஆர்ப்பரிக்கும் கடலன்று அது. ஆழங்குறைந்த, அடக்கமான கடல். வடக்கே கட்டுமாவடி, தெற்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று வரிசையாக மீனவர் வாழும் ஊர்கள். அந்தக் கரையிலே பிறந்த ஒரு சிறுவனை எண்ணிக்கொள்வோம். பகலிலே பள்ளியில் அவனுக்குப் பாடம்: “பூமி உருண்டை வடிவமானது.” பத்து முறை சொல்கிறான், தேர்விலே எழுதுகிறான், மதிப்பெண்ணும் பெறுகிறான். மாலையிலே கரைக்கு ஓடுகிறான். தொலைவிலே படகு வருகிறது. முதலில் அதன் உச்சியிலே பறக்கும் கொடி தெரிகிறது. பிறகு கம்பம். அதன் பிறகுதான் படகின் உடல். போகும்போது இதற்கு நேர்மாறு: உடல் முதலில் மறைகிறது, கொடி கடைசியில் மறைகிறது. நாள் தவறாமல் அவன் காணும் காட்சி இது. அவன் அப்பன் கண்டது, பாட்டன் கண்டது.

கடல் தட்டையானதாக இருக்குமானால், படகு தொலைவுக்குச் செல்லச் செல்லச் சிறுத்துச் சிறுத்து, முழுப் படகும் ஒரு புள்ளியாகித்தானே மறைய வேண்டும்? அடியிலிருந்து தொடங்கி ஏன் மறைகிறது? கணக்கு மிக எளிது. மணலிலே நிற்கும் ஒருவனுடைய கண், நீர்மட்டத்துக்கு மேலே ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்குமானால், அவனுக்குத் தென்படும் தொடுவானம் ஏறத்தாழ 4 1/2 கிலோமீட்டர் தொலைவிலேதான் இருக்கிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள படகின் உடல், சுமார் 8 கிலோமீட்டர் சென்றதும் கடலின் வளைவுக்குப் பின்னே ஒளிந்துவிடும். நான்கு மீட்டர் உயரத்தில் பறக்கும் கொடியோ 11 கிலோமீட்டர் கடந்தும் தென்படும். இடையிலே உள்ள அந்த மூன்று கிலோமீட்டரில், பூமி உருண்டை என்னும் உண்மை கொடி பிடித்து நிற்கிறது!

சிறுவனிடம் இரண்டும் இருக்கின்றன — பாடமும் இருக்கிறது, படகும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முகங்கொடுத்துப் பார்த்ததில்லை. பாடம் பள்ளியோடு நின்றது. படகு கரையோடு நின்றது. ஒருநாள் யாரோ ஒருவர், “தம்பி, அடிப்பாகம் ஏனடா முதலில் மறைகிறது?” என்று கேட்கிறார். சிறுவன் படகைப் பார்க்கிறான், கேட்டவரைப் பார்க்கிறான், மறுபடி படகைப் பார்க்கிறான். “அட!” என்கிறான். அவ்வளவுதான். ‘உருண்டை’ என்பது அதுவரையில் ஒரு சொல். அந்தக் கணம் முதல் அது பொருள். இனி எந்தத் தேர்வுக்காகவும் அவன் அதனை உருப்போட வேண்டியதில்லை.

தமிழிலே அழகான ஒரு சொல் உண்டு: பட்டறிவு. பட்டு அறிவது. உடலிலே பட்டு, உள்ளத்திலே பட்டு, வெயில் பட்டு, உப்புக் காற்றுப் பட்டு அறிவது. மற்றொன்று படிப்பறிவு. இவ்விரண்டும் கூடும் இடத்திலேதான் ‘அட!’ என்ற ஒலி எழுகிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீரோட்டம் மாறுவதைக் கடலோடிகள் எந்த ஏட்டைப் பார்த்தும் அறிந்துகொள்ளவில்லை. நிலவுக்கும் நீருக்கும் உள்ள அந்த உறவுக்கு ஈர்ப்பு விசையே காரணம் என்று நியூட்டன் எழுதி வெளியிட்டது 1687-இல். அதை மனப்பாடம் செய்த மாணவர் பலர் ஒரு முறையேனும் கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்களிடமோ நியூட்டனைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. பங்கீடு எப்படி? ஒருவனுக்குச் சோறு, மற்றவனுக்குக் குழம்பு. இருவரும் பசியோடு!

அந்த ‘அட!’ எங்கிருந்து வந்தது? இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு. அது அருள், அது முற்பிறவிப் பயன், அது தலையெழுத்து. கொடுத்து வைத்தவனுக்கு ஒரு நொடியிலே ஞானம் வரும். கொடுத்து வைக்காதவன் குட்டிக்கரணம் போட்டாலும் வராது. புதிய விடை ஒன்றும் உண்டு. அது காற்சட்டை அணிந்து வந்திருக்கிறதே தவிர, பழையதற்கு உடன்பிறப்புத்தான். அதன் பெயர் ‘பிறவி மேதை’. ஆப்பிள் விழுந்ததாம், நியூட்டனுக்கு விளங்கிவிட்டதாம்! நீர்த்தொட்டியிலே இறங்கினாராம், ஆர்க்கிமிடீசுக்கு விளங்கிவிட்டதாம்! நீர்த்தொட்டிக் கதையை எழுதி வைத்த விட்ரூவியஸ், ஆர்க்கிமிடீசுக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் பிற்பட்டவர். ஆப்பிள் கதையை நியூட்டனே தம் முதுமையில், 1726-இல், ஸ்டூக்லி என்னும் நண்பரிடம் கூறியிருக்கிறார். ஆகவே அதனைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் கொள்ளைநோய்க்காகப் பல்கலைக்கழகம் மூடப்பட்டு அவர் சொந்த ஊரில் தங்கியிருந்த 1665, 1666 ஆண்டுகளுக்கும், நூல் வெளிவந்த 1687-க்கும் இடையே இருபது ஆண்டுகள் கிடக்கின்றனவே! அந்த இருபதாண்டுக் கணக்கும் கசங்கிய தாளும் கதையில் இல்லை. பழம் மட்டும் இருக்கிறது. பழத்தைக் காட்டி உழைப்பை மறைப்பது பூசாரிகளுக்கு மட்டுமே தெரிந்த கலையன்று.

மணமேல்குடிக்கு இலக்கியத்திலே ஒரு பழம்புகழ் உண்டு. பாண்டியனின் அமைச்சர் குலச்சிறையார் பிறந்த ஊராகப் பெரியபுராணம் கூறும் மணமேற்குடி இதுவே. அவர் அமைச்சராக இருந்த மதுரையிலே சமணருக்கும் சம்பந்தருக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் வாதம் தமிழர் அறிந்த கதை. எந்தச் சமயம் உண்மை என்று அறிய, ஓலையை நெருப்பிலே இட்டார்கள். ஓலையை வைகையிலே இட்டார்கள். வேகாத ஓலை வென்றது. ஆற்றை எதிர்த்துச் சென்ற ஓலை வென்றது. தோற்றவர்கள் கழுவேற்றப்பட்டார்கள், எண்ணாயிரவர் என்று மரபு பேசும். நடந்ததா, புனைந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் வழக்காடிக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது, உண்மையை அளக்க அக்கதை எடுத்துக்கொண்ட கோல். ஓலை நெருப்பிலே வேகும் என்பதும், ஆற்றோடு போகும் என்பதும் அடுப்பங்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் தெரிந்த பட்டறிவு. அந்தப் பட்டறிவு பொய்த்தது என்பதே அங்கே உண்மைக்குச் சான்று! எவரும் தம் வீட்டிலே செய்து பார்க்க முடியாத ஒன்றைச் சான்றாக வைத்துவிட்டால், தோற்றவனுக்கு மறுபடி பார்க்கும் உரிமை ஏது? படகின் கொடியைச் சான்றாக வைத்தால் நிலைமை வேறு. நம்பாதவன் நாளை மாலை மறுபடியும் கரைக்கு வந்து பார்க்கலாம். அவனுக்குக் கழுமரம் தேவைப்படாது.

இனி, திடீரென்று விளங்கிய நிகழ்ச்சிகளிலே உலகம் அறிந்த ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவில் அலபாமா மாநிலம், டஸ்கம்பியா என்னும் சிற்றூர். ஹெலன் கெல்லர் என்னும் குழந்தை, 19 மாதத்திலே நோயுற்றுப் பார்வையையும் கேள்வியையும் ஒருங்கே இழந்தது. ஏறத்தாழ ஏழு வயது வரையில் அந்தக் குழந்தைக்குப் பெயர்கள் இல்லாத உலகம். பசிக்கும், சினத்துக்கும் சைகை உண்டு, சொல் இல்லை. 1887 மார்ச் 3-ஆம் நாள் ஆனி சல்லிவன் என்ற ஆசிரியை வந்தார். வயது இருபது. மாளிகையிலே வளர்ந்தவர் அல்லர். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்தின் மகள். தாமே பார்வை குன்றியவர். அனாதை விடுதி போன்ற ஓர் ஏழையர் இல்லத்திலே வளர்ந்தவர், அங்கேயே தம் தம்பியைப் பறிகொடுத்தவர்.

குழந்தையின் உள்ளங்கையிலே விரலால் எழுத்துக்களை உணர்த்தினார். பொம்மையைக் கொடுத்து, பொம்மை என்று எழுதினார். குழந்தை அந்த விரலசைவைத் திருப்பிச் செய்தது. குரங்கு போலத் திருப்பிச் செய்ததே தவிர, அது ஒரு பெயர் என்பது தெரியாது. வகுப்பறையிலே ‘பூமி உருண்டை’ என்று பத்து முறை சொன்ன நம் சிறுவன் நினைவுக்கு வருகிறானா? குவளைக்கும் தண்ணீருக்கும் வேறுபாடு விளங்காமல் குழந்தை சினந்தது, ஆசிரியை சலிக்கவில்லை. ஏப்ரல் 5-ஆம் நாள், வீட்டு வளவிலே இருந்த குழாயடிக்கு அழைத்துச் சென்றார். ஒரு கையிலே நீர் கொட்டுகிறது. மறு கையிலே ‘தண்ணீர்’ என்னும் சொல்லை எழுதுகிறார். முதலில் மெதுவாக, பிறகு விரைவாக. குழந்தை அசையாது நின்றது. கையிலே குளிர்ச்சியாக ஓடும் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது! எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது! தரையைத் தொட்டுப் பெயர் கேட்டது. குழாயைத் தொட்டுப் பெயர் கேட்டது. கடைசியாக ஆசிரியையைத் தொட்டுப் பெயர் கேட்டது. அன்று மாலைக்குள் முப்பது சொற்கள். 1904-இல் அந்தப் பெண் கல்லூரிப் பட்டம் பெற்றார். 1955-இல் இந்தியாவுக்கும் வந்து சென்றார்.

“ஒரு நொடியில் விளங்கிவிட்டது” என்கிறோம். மார்ச் 3-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடையே 33 நாட்கள் உண்டு. அந்த 33 நாட்களில் எந்த நாளிலேனும் ஆசிரியை, “இதன் மண்டையில் ஏறாது” என்று கூறியிருந்தால்? கூறியிருந்தால் உலகமே ஒப்புக்கொண்டிருக்கும்! கண்ணில்லை, காதில்லை, சொல்லில்லை. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? அவர் கூறவில்லை. ஏன் கூறவில்லை? ஏழையர் இல்லத்திலே வளர்ந்தவருக்கு, பிறர் போட்ட முடிச்சுக்களை நம்பாத பழக்கம் இருந்தது போலும். நான் நினைப்பது இதுதான்: குழந்தை தண்ணீரை அன்று புதிதாகத் தொடவில்லை. ஆயிரம் முறை குடித்திருக்கிறது, குளித்திருக்கிறது. தண்ணீர் என்றும் இருந்தது. இல்லாதிருந்தது, தண்ணீர் ஓடும் அதே வேளையில் மறு கையைப் பற்றியிருந்த இன்னொரு கை.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: “பட்டறிவு, பட்டறிவு என்று பாராட்டுகிறீரே, பட்டறிவு பொய் சொல்லாதோ? கதிரவன் கிழக்கே எழுந்து மேற்கே போவதை நாள்தோறும் காண்கிறோம். ஆனால் சுற்றுவது பூமி என்கிறீர்களே!” நல்ல கேள்வி. இதைவிடக் கூர்மையாகவும் கேட்கலாம். ‘எங்கள் காலத்து அனுபவத்தைச் சொல்கிறேன்’ என்றுதானே ஊர்ப் பெரியவர்கள் சாதியைக் காக்கிறார்கள்? ‘கண்கூடாகப் பார்த்தேன்’ என்றுதானே பேயைக் காட்டுகிறார்கள்? உண்மை. பட்டறிவு, கேள்வி தீண்டாத வரையில் வெறும் பழக்கம். பழக்கமோ கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே உறங்கக் கற்றது. அந்த உறக்கம் கலைவதை ஒரு சிறுவன் பிற்காலத்திலே தானே எழுதி வைத்திருக்கிறான்.

ஆண்டு 1901. சதாராவிலிருந்து சிறுவர்கள் சிலர், கோரேகான் என்னும் ஊரில் பணிபுரியும் தந்தையைக் காணப் புகைவண்டியிலே புறப்பட்டார்கள். அவர்களிலே ஒருவன் பீமராவ். ஒன்பது பத்து வயது. புத்தாடை, தலையிலே பகட்டான குல்லாய், உள்ளமெல்லாம் உவகை. மசூர் நிலையத்திலே இறங்கினார்கள். தந்தையின் ஆள் வரவில்லை. நிலைய அதிகாரி பரிவோடு விசாரித்தார். “நீங்கள் யார்?” “நாங்கள் மகார்கள்.” அதிகாரியின் முகம் மாறிற்று. அவ்வளவு நேரம் பேசியவர் அப்படியே விலகிப் போனார். வண்டிக்காரர் ஒருவரும் வண்டி பூட்ட முன்வரவில்லை, தீட்டாகிவிடுமாம்! முடிவிலே ஒருவன் இணங்கினான், இருமடங்கு கூலிக்கு. அதுவும் எப்படி? சிறுவர்களே வண்டியை ஓட்ட வேண்டும். அவன் பக்கத்திலே நடந்து வருவான். கையிலே சோறு இருந்தது. தண்ணீர் கொடுப்பார் இல்லை. இரவெல்லாம் பட்டினி.

அந்தச் சிறுவனே பின்னாளில் டாக்டர் அம்பேத்கர். தம் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதியிருப்பதன் கருத்தைக் கவனியுங்கள். தாம் தீண்டப்படாதவர் என்பது அதற்கு முன்பே அவருக்குத் தெரியும். பள்ளியிலே தனிச் சாக்கில் உட்கார்ந்தவர். குழாயைத் தாமே திறக்க உரிமை இல்லாதவர். பணியாள் வந்து திறந்தால் தண்ணீர், வராவிட்டால் தாகம். முடி திருத்துவோர் தொட மறுத்ததால் அக்காவே முடி வெட்டினார். இவ்வளவும் இருந்தும், அவை இயல்பான நடைமுறை என்றே தோன்றியிருந்தன. மசூர்ப் பயணம்தான் அவரை அதிர வைத்தது. தீண்டாமை என்றால் என்ன என்று எண்ணிப் பார்க்க வைத்தது.

டஸ்கம்பியாவிலே, ஓடிய தண்ணீர் ஒரு சிறுமிக்கு மொழியைக் காட்டிற்று. இங்கே, கிடைக்காத தண்ணீர் ஒரு சிறுவனுக்குச் சமுதாயத்தைக் காட்டிற்று. ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. மசூர் நிலையங்கள் இந்நாட்டில் ஆயிரம் இருந்தன. அவற்றிலே நின்ற சிறுவர்கள் இலட்சோப இலட்சம். அவர்களுக்கெல்லாம் நெஞ்சு வலித்திருக்கும். பட்ட வலியைப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் நாட்டின் சட்டத்துக்கும் எடுத்துச் செல்ல எத்தனை பேருக்கு வழி இருந்தது? வலித்ததையே விதி என்று விளக்கம் கூறி அனுப்ப மட்டும் ஊருக்கு ஊர் ஆள் இருந்தது. விளக்கம் கிடைக்காமற் போனது கூடப் பெரிதன்று. பொய்யான விளக்கம் முந்திக்கொண்டு வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டதே, அதுதான் கொடுமை.

மணமேல்குடி அடங்கிய புதுக்கோட்டை மாவட்டத்திலே 1991-இல் நடந்தது இதனால்தான் நினைத்துப் பார்க்கத் தக்கது. அறிவொளி இயக்கம் என்று பெயர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பகலெல்லாம் வயலிலும் கல் குவாரியிலும் கரையிலும் உழைத்த மக்கள் மாலையிலே கூடினார்கள், தொண்டர்கள் கற்பித்தார்கள். கற்றவர்களிலே மிகப் பெரும்பாலோர் பெண்கள். அந்த வயதிலே அவர்களை உட்கார வைத்து, அ - அணில், ஆ - ஆடு என்று தொடங்கினால் என்ன ஆகும்? ஆட்டை மேய்த்தே வளர்ந்தவளுக்கு ஆட்டின் படத்தைக் காட்டுவதா? ஆகவே வாழ்க்கையிலிருந்து சொல்லை எடுத்தார்கள். ‘பட்டா’ என்பது போன்ற சொல். மூன்றே எழுத்து. ஆனால் அந்த மூன்றெழுத்துக்காக எத்தனை முறை அலுவலக வாசலிலே நின்றிருக்கிறாள் அவள்! அவளுடைய அப்பன் பெருவிரலை மையிலே தோய்த்தது அந்த மூன்றெழுத்துத் தாளின் மேல்தானே! எழுத்து தெரியாதிருந்தாலும் அதன் எடை அவளுக்குத் தெரியும். பலகையிலே ‘பட்டா’ என்று எழுதி, “உங்களிலே யாருக்கு நிலத்துக்குப் பட்டா இருக்கிறது?” என்று கேட்டதும், பாடம் எங்கே முடிந்தது, வழக்கு எங்கே தொடங்கிற்று என்று பிரிக்க முடியாது.

இந்த முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. பிரேசில் நாட்டின் பாலோ பிரெயிரே. 1963-இல், அங்கிகோஸ் என்னும் ஊரிலே, தொழிலாளர் 300 பேருக்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுத்தறிவு ஊட்டும் முயற்சியை அவர் நடத்தினார். அவர் கையாண்ட சொற்களிலே புகழ் பெற்றது ‘செங்கல்’. நாளெல்லாம் செங்கல் சுமப்பவனுக்குச் செங்கல் என்ற சொல். மறு ஆண்டே படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள், பிரெயிரே சிறையிலே, பின் நாடு கடந்து வாழும் நிலை. செங்கல் என்று எழுதக் கற்பித்தவனுக்குச் சிறை எதற்கு? ஆட்சியாளருக்கு ஒன்று விளங்கியிருக்கிறது: செங்கல் என்று எழுதக் கற்றவன், அடுத்து, ‘வீடு யாருடையது?’ என்று எழுதிப் பார்ப்பான்.

புதுக்கோட்டையில் எழுத்தோடு மிதிவண்டியும் வந்தது. தொண்டர்களாக இருந்த பெண்கள் ஊருக்கு ஊர் செல்ல வேண்டும். பேருந்தை நம்பினால் வகுப்பு நடக்காது. பெண்களுக்கு மிதிவண்டி கற்பிக்கத் தொடங்கினார்கள். சில திங்களிலே அது தீப்போலப் பரவிற்று. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நாட்டுப்புறப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று செய்தியாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்களுக்கான வண்டி கிடைக்காத இடத்தில் ஆண்களின் வண்டி; குறுக்குக் கம்பி இடையூறு என்றார்கள் சிலர்; குழந்தையை உட்கார வைக்க அதுவே வசதி என்று கண்டுகொண்டார்கள் பெண்கள்! கேலி பேசியவர்கள் உண்டு. ‘பெண்ணுக்கு நிதானம் வராது’ என்றார்கள். அதுவும் ‘மண்டையில் ஏறாது’ என்பதன் மறுபதிப்புத்தான். உறுப்பு மட்டும் மாறியிருக்கிறது.

மிதிவண்டி கற்றவர்களுக்குத் தெரியும், அதனைச் சொல்லித் தர முடியாது. இடப்பக்கம் சாயும்போது கைப்பிடியை இடப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போதுதான் வண்டி நிமிரும். கேட்பவளுக்கு இது முட்டாள்தனமாகத் தோன்றும். விழப்போகும் பக்கமே திருப்புவதா என்று. விழுந்து எழுந்து, முழங்கால் சிராய்த்து, ஒரு கணத்திலே கை தானாகவே திருப்புகிறது, வண்டி நிற்கிறது, உலகம் நகர்கிறது. பின்னாலே பிடித்துக்கொண்டு ஓடி வந்தவள் எப்போது கையை விட்டாள் என்பது ஓட்டுபவளுக்குத் தெரியாது. கற்பித்தல் என்னும் கலையிலே அந்தக் கையை விடும் கணத்தைப் போல் அருமையானது வேறில்லை என்பேன். முன்னரே விட்டால் விழுவாள். விடவே மறுத்தால், ஓட்டுவது அவளல்ல, பிடித்திருப்பவரே. நம் நாட்டுக் கல்வியாளர்கள் பலர் இந்த இரண்டாவது வகை. பிடித்த பிடியை விடாமல், ‘பார், என் உதவியின்றி இவர்களால் ஓட்ட முடியவில்லை’ என்று மேடையிலே பேசுவார்கள்.

பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிச்சமாயிற்று. விளைந்ததை இரண்டு ஊர் தள்ளிச் சென்று விற்க முடிந்தது. கணவனோ அண்ணனோ வந்து அழைத்துச் செல்லும் வரையில் கைகட்டி நின்ற நிலை தளர்ந்தது. கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகை என்றால் கணக்கு வரும் அல்லவா? எத்தனை வண்டிச் சுமை ஏறிற்று, என்ன விலை, யாருக்கு எவ்வளவு — தலையிலே சுமந்ததைத் தாளிலே எழுதிப் பார்க்கும் கணக்கு. கல்லின் எடை தோளுக்குத் தெரியும். அதன் விலை முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தபோது, அதுவரை பெற்ற கூலி எவ்வளவு சொற்பம் என்பது, எந்தப் பேச்சாளரும் வந்து முழங்காமலே விளங்கியிருக்கும்.

இயக்கத்தின் வேகம் தணிந்த பின், கற்ற எழுத்தை மறந்தவர்களும் உண்டு. உடனே, “பார்த்தீரா? நிலைக்கவில்லையே! நாங்கள் அப்போதே சொன்னோமே!” என்று கிளம்பினார்கள், தீர்ப்பு எழுதிப் பழகியவர்கள். படிக்க ஓர் ஏடு ஊருக்குள்ளே வராமல், எழுத ஒரு தேவையும் எழாமல், எழுத்து மட்டும் எப்படி நிலைக்கும்? நீரூற்றாத நிலத்தைப் பார்த்து விதையைப் பழிக்கும் உழவன் எவனும் இல்லை. படித்தவர்கள்தாம் பழிக்கிறார்கள்.

மறந்தது மக்கள் மட்டுமா? பெருவிரல் ரேகைக்கு மாற்றாகக் கையெழுத்தைக் கற்றுத் தந்த நாடு, இன்று நியாயவிலைக் கடையிலே மறுபடியும் விரலைத்தான் கேட்கிறது. மை இல்லை; மின்கருவி. அன்று எழுத்தறியாதவனுக்கு அடையாளம் ரேகை. இன்று அனைவருக்கும் அடையாளம் அதுவே. சமத்துவம்தான், மறுக்கவில்லை! ஆனால் வலையிழுத்தும், நாற்று நட்டும், கல்லுடைத்தும் தேய்ந்த விரலிலே கருவிக்கு ரேகை அகப்படுவதில்லை. நாற்காலியிலே அமர்ந்து பணியாற்றியவனின் விரல் உடனே பொருந்துகிறது. உழைத்தவளின் விரலைப் பார்த்து, ‘பொருந்தவில்லை’ என்கிறது கருவி. ரேகை அகப்படாவிட்டால் வேறு வழியிலே பொருள் வழங்கலாம் என்ற ஏற்பாடும் இருக்கிறது. அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதை வரிசையிலே நிற்பவளிடம் சொல்வதுதான் அரிதாக இருக்கிறது.

விரலைச் சேலையிலே துடைத்துவிட்டு அவள் மறுபடியும் வைக்கிறாள். மறுபடியும் பொருந்தவில்லை. “அழுத்தி வை ஆத்தா, எத்தனை தடவை சொல்வது, புரியாதா?” என்கிறது பின்னாலிருந்து ஒரு குரல். வரிசை முணுமுணுக்கிறது. அவள் கையை எடுத்துக்கொண்டு, கருவிக்குப் பின்னே அமர்ந்திருப்பவரைப் பார்த்துக் கேட்கிறாள்:

“கையெழுத்துப் போடட்டுங்களா?”